இரண்டாம் கட்டில் ஒரு விளையாட்டு: டிரீம்காஸ்டுக்கு மல்டிசெஷன் சிடி எழுதும் முறை

டிரீம்காஸ்ட் என்ற பழைய வீடியோ கேம் பெட்டியில் ஓடும் சிடியை எந்த மென்பொருளில் எழுதுவது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் ஓர் எண்ணைத்தான் சொல்கிறேன்: 11702. அது எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டால் எந்த மென்பொருளிலும் எழுதலாம். புரியாவிட்டால் எவ்வளவு நல்ல மென்பொருள் இருந்தாலும் சிடிகள் வீணாகும். காரைக்குடியில் எங்கள் வீட்டு மாடி அறையில் நான் முதலில் எழுதிய பதினொரு சிடிகளும் வீணாயின. பதினொன்றுக்கும் அந்த ஒரே எண்தான் காரணம்.

எங்கள் வீட்டு டிரீம்காஸ்ட், எங்கள் அம்மான் கோலாலம்பூரிலிருந்து வந்தபோது கொண்டுவந்த பெட்டி. சேகா நிறுவனம் 1998 நவம்பர் 27 அன்று ஜப்பானில் வெளியிட்டது. 2001-இல் தயாரிப்பை நிறுத்திக்கொண்டது. அதற்குள் இருப்பது 200 மெகாஹெர்ட்ஸ் எஸ்ஹெச்-4 செயலி, 16 எம்பி நினைவகம். இன்றைய கைப்பேசியோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆனாலும் இன்றும் உலகெங்கும் ஆர்வலர்கள் அதற்குப் புதிதாக விளையாட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பெட்டியில் எந்த மாற்றமும் செய்யாமல், சாதாரண சிடி-ஆர் தட்டில் எழுதிப் போட்டாலே ஓடிவிடும் என்பதுதான் அதற்குக் காரணம். உங்களிடம் இருப்பது ஜப்பானில் விற்ற பெட்டி என்றால் அது 100 வோல்ட்டுக்கானது. டிரான்ஸ்பார்மர் இல்லாமல் நம் 230 வோல்ட் பிளக்கில் செருகவே கூடாது.

தட்டும் வீடும்

செட்டிநாட்டு வீட்டை அறிந்தவர்களுக்கு மல்டிசெஷன் சிடியை விளக்குவது எளிது. கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ பழைய வீட்டின் முகப்பில் நின்று பாருங்கள். முகப்பு, வளவு என்ற முற்றம், அதைத் தாண்டினால் இரண்டாம் கட்டு, அதற்கும் பின்னால் அடுப்படி உள்ள கட்டு என்று வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். ஒவ்வொரு கட்டும் தனக்குள் முழுமையானது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக இடையில் நடை என்ற வழி உண்டு.

சிடியில் ஒரு தவணையில் எழுதும் பகுதிக்கு செஷன் என்று பெயர். ஒவ்வொரு செஷனும் ஒரு கட்டு. அதன் வாசலில் லீட்-இன் என்ற பகுதி இருக்கும். உள்ளே என்னென்ன எங்கே இருக்கின்றன என்ற பொருளடக்கம் அங்கேதான் எழுதப்படும். முடிவில் லீட்-அவுட் இருக்கும். ஒரு செஷனின் லீட்-அவுட்டும் அடுத்ததன் லீட்-இன்னும் சேர்ந்ததுதான் நடை. ஒரே தட்டில் பல முறை எழுதும் இந்த முறைக்கு ஆரஞ்சு புக் என்ற தரவரையறை வழி செய்தது. 1992-இல் கோடாக் கொண்டுவந்த போட்டோ சிடி இதனால்தான் சாத்தியமானது. முதல் முறை சில படங்களை ஏற்றி, பிறகு வந்து மேலும் சில படங்களை அதே தட்டில் ஏற்றலாம்.

முதல் கட்டில் பாட்டும் இரண்டாம் கட்டில் கணினித் தரவும் வைக்கும் வழக்கம் 1995-இன் புளூ புக் தரவரையறையில் வந்தது. பழைய பாட்டுக் கருவி முதல் கட்டோடு நின்றுவிடும். கணினி கடைசிக் கட்டு வரை நடந்து போய்ப் பார்க்கும். சேகா இதே அமைப்பை எடுத்து மில்-சிடி என்று பெயரிட்டது. இசைத்தட்டோடு படங்களையும் மெனுக்களையும் சேர்த்து விற்கும் திட்டம் அது. வணிகமாக அது எடுபடவில்லை. ஆனால் அதற்காக டிரீம்காஸ்டின் உள்ளே திறந்து வைத்த கதவு மட்டும் திறந்தே இருந்தது. நாம் எழுதும் தட்டு அந்தக் கதவு வழியாகத்தான் நுழைகிறது.

2000-ஆம் ஆண்டின் இறுதியில் தயாரான சில பெட்டிகளில் சேகா அந்தக் கதவை அடைத்துவிட்டது. பெட்டியின் அடியில் உள்ள வெள்ளைத் தாளில் வட்டத்துக்குள் 0, 1, 2 என்று ஓர் எண் இருக்கும். 0, 1 என்றால் கவலையில்லை. 2 என்றால் ஓடலாம், ஓடாமலும் போகலாம். முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

எதை எழுதலாம், எதை எழுத வேண்டாம்

விலைக்கு வந்த டிரீம்காஸ்ட் விளையாட்டுகள் ஜிடி-ராம் என்ற தனி வகைத் தட்டில் இருக்கின்றன. அதில் ஏறத்தாழ 1 ஜிபி கொள்ளும். உட்புறத்துச் சிறு பகுதி சாதாரண சிடியைப் போன்றது. 45000-ஆவது செக்டரிலிருந்து (தட்டில் தரவை எண்ணும் சிறு துண்டுதான் செக்டர்) அடர்த்தி கூடிய பகுதி தொடங்குகிறது. கணினியின் சாதாரண சிடி டிரைவ் அந்தப் பகுதியைப் படிக்காது. பெரிய விளையாட்டுகள் 700 எம்பி சிடி-ஆரில் முழுதாக அடங்கவும் அடங்கா. அடங்கும்படி செய்தவர்கள் காணொளியை வெட்டினார்கள், பாட்டின் தரத்தைக் குறைத்தார்கள். அதை நான் காப்புப்பிரதி என்று ஏற்பதில்லை. அறுத்துச் சிறிதாக்கிய ஒன்று அசலைக் காக்காது. உங்கள் சொந்தத் தட்டைப் பாதுகாக்க விரும்பினால், அதை முழுமையாகப் படித்து ஜிடிஐ வடிவில் வன்தட்டில் சேமித்து வையுங்கள். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 52-ஆம் பிரிவில், முறையாகத் தன்னிடம் உள்ள கணினி நிரலை இழப்பிலிருந்தும் சேதத்திலிருந்தும் காக்கும் தற்காலிகப் பாதுகாப்பாக மட்டும் பிரதி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. அதை நாலு பேருக்குக் கொடுக்க இடம் தரவில்லை.

சிடி-ஆருக்கு உரியவை ஆர்வலர்கள் தாங்களே எழுதி இலவசமாக வெளியிடும் விளையாட்டுகள், நீங்களே எழுதும் நிரல்கள், பழைய கணினி விளையாட்டுகளை ஓட்டும் ஸ்கம்விஎம் போன்ற கருவிகள். கல்லிஸ்டிஓஎஸ் என்ற திறந்த மூல நிரலகத்தை வைத்துப் பலர் எழுதுகிறார்கள். இந்த வழிகாட்டி அவற்றுக்காகத்தான்.

11702 எப்படி வருகிறது

சிடியில் ஒரு நொடிக்கு 75 செக்டர்கள். பாட்டு என்றால் ஒரு செக்டரில் 2352 பைட். தரவு என்றால் அதில் 2048 பைட் நமக்கு, மீதி பிழை திருத்தத்துக்கும் முகவரிக்கும். ஒரு பாட்டுத் தடம் குறைந்தது 4 நொடி இருக்க வேண்டும் என்பது விதி. 4 நொடி என்றால் 300 செக்டர். டிரைவ் அந்தத் தடத்தை முடிக்கும்போது 2 செக்டர் கூடுதலாக எழுதும். ஆக 302.

இப்போது நடை. முதல் செஷனின் லீட்-அவுட் ஒன்றரை நிமிடம், 6750 செக்டர். அடுத்த செஷனின் லீட்-இன் ஒரு நிமிடம், 4500. அதன்பின் தடம் தொடங்கும் முன் 2 நொடி இடைவெளி, 150. கூட்டினால் 11400. இதோடு 302 சேர்த்தால் 11702. இரண்டாம் கட்டின் முதல் தூண் தெரு வாசலிலிருந்து 11702-ஆவது அடியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். (மூன்றாவது செஷன் எழுதினால் அதற்கு முந்தைய லீட்-அவுட் அரை நிமிடம்தான், 2250 செக்டர், நமக்கு மூன்றாவது தேவையில்லை.)

இந்த நடைக்காக ஏறத்தாழ 22 எம்பி இழக்கிறோம். 80 நிமிடத் தட்டில் இரண்டாம் கட்டுக்கு மிஞ்சுவது 680 எம்பி அளவு.

நான் பதினொரு தட்டுகளை வீணாக்கியதற்கு வருகிறேன். சிடியில் கோப்புகளை அடுக்கும் முறையான ஐஎஸ்ஓ 9660 கோப்பு அமைப்பில் ஒவ்வொரு கோப்பும் எந்த செக்டரில் தொடங்குகிறது என்று எழுதியிருக்கும். அந்த எண் தட்டின் தொடக்கத்திலிருந்து எண்ணப்படுவது. செஷனின் தொடக்கத்திலிருந்து அன்று. வீட்டுக்கு வந்த உறவினரிடம் “இரண்டாம் கட்டில் நுழைந்ததும் இருபதாவது அடியில் அலமாரி” என்று சொல்லலாம். ஆனால் தெருவிலிருந்தே எண்ணிக்கொண்டு வருபவரிடம் “இருபதாவது அடி” என்று மட்டும் சொன்னால் அவர் முகப்புத் திண்ணையில் நின்று தேடுவார். சாதாரணமாக உருவாக்கிய ஐஎஸ்ஓ கோப்பு 0-விலிருந்து எண்ணுகிறது. அதை அப்படியே இரண்டாம் செஷனில் எழுதினால் டிரீம்காஸ்ட் நிரலைத் தேடிப் பாட்டுத் தடத்துக்குள் போய்விடும். கோப்பை உருவாக்கும்போதே 11702 கூட்டி எண்ணச் சொல்ல வேண்டும். பதினொரு முறையும் நான் சொல்லவில்லை.

தேவையானவை

சிடி-ஆர் தட்டு மட்டும். திரும்ப எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூ வேண்டாம். அதன் பிரதிபலிப்பு மிகக் குறைவு, இருபது வயதைத் தாண்டிய லேசர் அதைப் படிக்கத் தடுமாறும். டிவிடி தட்டை டிரீம்காஸ்ட் படிக்கவே படிக்காது. மின்சாரம் போனால் பாதி எழுதிய தட்டு அவ்வளவுதான். மடிக்கணினியோ யுபிஎஸ்ஸோ இல்லாமல் தொடங்காதீர்கள். சிடி-ஆரில் எழுதுவது ஆத்தங்குடியில் ஓடு போடுவது போன்ற வேலை. கண்ணாடிமேல் வண்ணத்தை ஊற்றி, சிமெண்ட்டை நிரப்பி அமுக்கிய பிறகு பூவின் இதழைத் திருத்த முடியாது. தட்டின் சாயப் படலத்தை லேசர் சுட்ட பிறகும் அப்படித்தான்.

எவ்வளவு மெதுவாக எழுதுகிறோமோ அவ்வளவு நல்லது என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இப்போது கிடைக்கும் தட்டுகளின் சாயம் வேகமாக எழுதுவதற்கென்றே அமைக்கப்பட்டது; 1 மடங்கு வேகத்தில் எழுதினால் தரம் கூடும் என்று பொருளில்லை. நான் 16 மடங்கில் எழுதுகிறேன். முழுத் தட்டுக்கும் ஐந்து, ஆறு நிமிடம் ஆகும்.

நிரலைத் தயார்செய்தல்

தட்டில் இரண்டு கோப்புகள் கட்டாயம். ஒன்று ஐபி.பின். இது 32 கேபி அளவுள்ள தொடக்கப் பகுதி. இரண்டாம் செஷனின் முதல் 16 செக்டர்களில் உட்கார வேண்டும். சேகாவின் பெயர், ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா என்ற மூன்று பகுதிகளுக்கான ஜே, யூ, ஈ எழுத்துகள், முதலில் ஏற்ற வேண்டிய நிரலின் பெயர் ஆகியவை இதில் இருக்கும். கல்லிஸ்டிஓஎஸ்ஸோடு வரும் மேக்ஐபி என்ற கருவி, நீங்கள் நிரப்பிக் கொடுக்கும் ஒரு சிறு உரைக்கோப்பிலிருந்து இதை உருவாக்கித் தரும். மூன்று எழுத்துகளையும் இடுங்கள். எந்த நாட்டுப் பெட்டியிலும் ஓடும்.

மற்றொன்று உங்கள் நிரல். வழக்கமாக 1எஸ்டி_ரீட்.பின் என்று பெயர் வைப்பார்கள். கம்பைலர் தரும் எல்ஃப் கோப்பை ஆப்ஜ்காப்பி கொண்டு வெறும் பைனரியாக மாற்ற வேண்டும். அதன் பிறகுதான் பலரும் தவறவிடும் படி வருகிறது: அந்த பைனரியைக் கலைக்க வேண்டும். ஜிடி-ராமிலிருந்து ஏற்றும் நிரலை டிரீம்காஸ்ட் அப்படியே எடுத்துக்கொள்ளும். சிடியிலிருந்து ஏற்றினால், 32 பைட் துண்டுகளாக இடம் மாற்றி வைத்திருப்பதாக எண்ணி அதை ஒழுங்குபடுத்தும். நீங்கள் ஒழுங்காகக் கொடுத்தால் அது ஒழுங்கைக் கலைத்துவிடும். ஸ்கிராம்பிள் என்ற சிறு கருவி கலைக்கும் வேலையைச் செய்கிறது. ஒரே ஒரு முறைதான் கலைக்க வேண்டும். ஏற்கெனவே கலைத்து வந்த நிரலை மீண்டும் கலைத்தால் ஓடாது. பதிவிறக்கிய விளையாட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று அதோடு வரும் குறிப்பைப் படியுங்கள்.

இரண்டு கோப்புகளும் தயாரானதும், விளையாட்டின் படங்களையும் ஒலிகளையும் நிரலோடு ஒரே கோப்புறையில் வையுங்கள். ஐபி.பின் அந்தக் கோப்புறைக்கு வெளியே இருக்கட்டும்.

எழுதுதல்

லினக்ஸில் சிடிரெக்கார்ட், எம்கேஐசோஎஃப்எஸ் என்ற இரு கருவிகள் போதும்.

முதலில் முதல் கட்டு. 300 செக்டர் அமைதி வேண்டும்: 705600 பைட் அளவுள்ள, பூஜ்யங்கள் மட்டுமே நிறைந்த கோப்பு. அதை ‘மல்டி’, ‘ஆடியோ’ என்ற இரு விருப்பங்களோடு சிடிரெக்கார்டில் எழுதுங்கள். ‘மல்டி’ மிக முக்கியம். அது இல்லாவிட்டால் தட்டு மூடப்பட்டுவிடும், இரண்டாம் கட்டுக்கு இடமிருக்காது.

அடுத்து, கணக்கை நம்பாமல் டிரைவையே கேளுங்கள். சிடிரெக்கார்டில் ‘எம்எஸ்இன்ஃபோ’ என்ற விருப்பத்தைக் கொடுத்தால் இரண்டு எண்களைச் சொல்லும்: 0,11702. முதலாவது கடைசியாக எழுதிய செஷனின் தொடக்கம்; இரண்டாவது அடுத்த தடம் தொடங்கும் இடம். பதில் வராவிட்டால் தட்டை வெளியே எடுத்து மீண்டும் போடுங்கள்.

மூன்றாவதாகக் கோப்பு அமைப்பு. எம்கேஐசோஎஃப்எஸ்ஸில் பெரிய எழுத்து ‘சி’ விருப்பத்துக்கு 0,11702 என்று கொடுங்கள். பெரிய எழுத்து ‘ஜி’ விருப்பத்துக்கு ஐபி.பின் கோப்பைக் கொடுங்கள்; அது முதல் 16 செக்டர்களில் அதை வைத்துவிடும். நீண்ட கோப்புப் பெயர்கள் இருந்தால் சிறிய ‘எல்’ விருப்பத்தையும் சேருங்கள்.

கடைசியாக, கிடைத்த ஐஎஸ்ஓ கோப்பை ‘எக்ஸ்ஏ’ விருப்பத்தோடு எழுதுங்கள். மில்-சிடியின் தரவுத் தடம் எக்ஸ்ஏ வகை என்றே டிரீம்காஸ்ட் எதிர்பார்க்கிறது. பழைய குறிப்புகளில் ‘எக்ஸ்ஏ1’ என்று இருக்கும். புதிய பதிப்புகளில் அந்தச் சொல் 2056 பைட் செக்டர்களைக் குறிக்கிறது. நம் கோப்பு 2048 பைட் கொண்டது என்பதால் ‘எக்ஸ்ஏ’ என்பதே சரி.

எழுதி முடித்ததும் டிரீம்காஸ்டிடம் ஓடாதீர்கள். சிடிரெக்கார்டில் ‘டிஓசி’ விருப்பத்தைக் கொடுத்துப் பாருங்கள்: முதல் தடம் 0-வில் பாட்டு, இரண்டாம் தடம் 11702-இல் தரவு என்று காட்ட வேண்டும். பிறகு தட்டைக் கணினியில் திறந்து ஏதாவது ஒரு படத்தையோ உரையையோ படியுங்கள். லினக்ஸ் கடைசி செஷனைத்தான் திறக்கும். கோப்பு ஒழுங்காகத் திறந்தால் கூட்டல் சரி.

இத்தனையையும் ஒரே மூச்சில் செய்யும் எம்கேடிசிடிஸ்க் என்ற கருவியும் உண்டு. எல்ஃப் கோப்பைக் கொடுத்தால் சிடிஐ வடிவில் முழுத் தட்டின் பிம்பத்தையும் தரும். அதைக் கணினியிலேயே டிரீம்காஸ்டைப் போல இயங்கும் ஃப்ளைகாஸ்ட் எமுலேட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதலாம். இன்று நானும் பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் ஒரு முறையாவது கையால் செய்துவிட்டு இதற்கு வாருங்கள். பிழை வரும்போது எங்கே பார்ப்பது என்று அப்போதுதான் தெரியும்.

ஓடாவிட்டால்

டிரீம்காஸ்ட் பாட்டு வாசிக்கும் திரையைக் காட்டினால், அது இரண்டாம் கட்டுக்குப் போகவே இல்லை அல்லது அங்கே விளையாட்டு இருப்பதாக ஏற்கவில்லை. இரண்டாம் செஷன் எழுதப்பட்டதா, எக்ஸ்ஏ கொடுத்தீர்களா, ஐபி.பின் சேர்ந்ததா என்று பாருங்கள். அல்லது உங்கள் பெட்டி கதவடைத்த பெட்டியாக இருக்கலாம்.

சேகாவின் உரிமத் திரை வந்து, அதன்பின் கருமை மட்டும் என்றால் நல்ல செய்தி. ஐபி.பின் படிக்கப்பட்டுவிட்டது. நிரல்தான் ஓடவில்லை. கலைக்காமல் விட்டிருப்பீர்கள், இருமுறை கலைத்திருப்பீர்கள், அல்லது 11702 கூட்டப்படவில்லை. கணினியில் கோப்புகள் திறந்தன என்றால் மூன்றாவதை நீக்கிவிட்டுக் கலைத்தலை மட்டும் பாருங்கள்.

ஒரு முறை ஓடி, ஒரு முறை ஓடாமல் இருந்தால் எழுதிய முறையில் பிழை தேட வேண்டாம். தட்டின் தரமோ லேசரின் களைப்போதான் காரணம். காரைக்குடிக் கடை ஒன்றில் மலிவாகக் கிடைத்த ஐம்பது தட்டுகளில் ஒன்றுகூட எனக்கு இருமுறை தொடர்ந்து ஓடவில்லை. வேறு தட்டுக்கு மாறியதும் அதே கோப்பு உடனே ஓடியது.

எழுதிய தட்டின் மேற்புறத்தை மதியுங்கள். தரவு இருக்கும் படலம் கீழே உள்ள பிளாஸ்டிக்கின் அடியில் இல்லை. பெயர் எழுதும் பக்கத்து மெல்லிய பூச்சுக்கு நேர் கீழே இருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் அதைக் கீறுகிறீர்கள். மொட்டை மாடி அறையில் சித்திரை வெயிலில் விடவும் வேண்டாம். எங்கள் வீட்டுத் தட்டுகள் சுண்ணாம்புச் சுவர் உள்ள இரண்டாம் கட்டின் மர அலமாரியில் இருக்கின்றன.

அமைதிக்குப் பதில் பாட்டு

முதல் கட்டில் 4 நொடி அமைதிதான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அங்கே அமைதியை வைப்பது வீணாகப் படுகிறது எனக்கு. எங்கள் அப்பத்தா பாடிய தாலாட்டு ஒன்றைப் பதிவுசெய்து வைத்திருந்தேன். சரியாக 3 நிமிடத்துக்கு வெட்டி, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ வேவ் கோப்பாக மாற்றினேன். 3 நிமிடம் என்றால் 13500 செக்டர். அதோடு 2, அதோடு 11400. டிரைவைக் கேட்டபோது அதுவும் 0,24902 என்றே சொன்னது. இரண்டாம் கட்டு இப்போது இன்னும் உள்ளே தள்ளிப் போய்விட்டது. எம்கேஐசோஎஃப்எஸ்ஸுக்கு 11702 கொடுக்காமல் இந்த எண்ணைக் கொடுத்தேன். உங்கள் பாட்டு செக்டர் கணக்கில் முழுதாக வகுபடாவிட்டால் சிடிரெக்கார்டில் ‘பேட்’ விருப்பத்தைச் சேருங்கள், மிச்சத்தை அது நிரப்பிவிடும். எழுதும் முன் எம்எஸ்இன்ஃபோவைக் கட்டாயம் கேளுங்கள்.

அந்தத் தட்டை டிரீம்காஸ்டில் போட்டால் என் அண்ணன் மகனுக்காக நான் எழுதிய பல்லாங்குழி திறக்கும். அதே தட்டை வளவில் இருக்கும் பழைய சிடி பிளேயரில் போட்டால் அப்பத்தாவின் குரல் மூன்று நிமிடம் ஒலித்துவிட்டு நிற்கும். பின்னால் இன்னொரு கட்டு இருப்பது அந்தக் கருவிக்குத் தெரியாது.